முறைப்பாட்டை எழுதிக்கொள்ளாத சார்ஜன்ட்

'பிளாக் கிறிஸ்மஸ்' என்று ஒரு கனடியப் படம். 1974இல் வந்தது. கல்லூரி மாணவியர் தங்கியிருக்கும் வீடொன்றுக்குள் ஒருவன் புகுந்துகொண்டு ஒவ்வொருவராகக் கொல்கிறான். கதை இவ்வளவுதான். இந்த வகைப் படங்களை ஆங்கிலத்தில் ஸ்லாஷர் என்பார்கள். கத்தியால் கீறுவதை வைத்து வந்த பெயர். எங்கள் பக்கத்துப் பொடியன்மாருக்கு அது 'வெட்டுக்கொத்துப் படம்'. இப்படியான ஒன்றுக்கு, இலக்கியமும் ஆய்வும் பேசும் ஒரு சஞ்சிகையில் எதற்கு இத்தனை பக்கம் என்று வாசகர்கள் கேட்பது நியாயம். கொலைகளுக்காக நான் இதை எழுதவில்லை. ஒரு பெண்பிள்ளை வந்து 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொன்னால் பெரியவர்கள் அதை எந்தக் காதால் கேட்கிறார்கள் என்பதை இந்தப் படம் அளவுக்குத் துல்லியமாகக் காட்டிய வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை.

தமிழில் இதற்குக் கிட்டத்தில் வரும் படம் 'விசில்'. 2003இல் வெளியானது. அஜித்தையும் விக்ரமையும் வைத்து 1997இல் 'உல்லாசம்' எடுத்த ஜே.டி.–ஜெர்ரி இரட்டையர் இயக்கியது. விக்ரமாதித்யா, காயத்ரி ரகுராம், ஷெரின் நடித்தார்கள். டி. இமானுக்கு அது ஆரம்ப காலம். 'அழகிய அசுரா' பாட்டு இன்றைக்கும் பஸ்ஸில் கேட்கிறது. படத்தைப் பற்றிக் கேட்டால் பாதிப் பேருக்கு ஞாபகமில்லை. ஒரு கல்லூரி வளாகம், அங்கே பெண் ஆவியொன்று உலாவுவதாகப் பிள்ளைகள் சொல்லிவரும் ஒரு கதை, ஒரு விசில் சத்தம், அதைத் தொடர்ந்து ஒரு சாவு. விசிலை அச்சத்தின் அடையாளமாக எடுத்தது நல்ல யோசனைதான். பெண்பிள்ளை ரோட்டில் நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கிற சத்தம் அது. அதைக் கேட்டு நடை வேகமாகாத பெண் நம் ஊரிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. ஆனால் படம் அந்த இடத்தைத் தொட்டுவிட்டு விவேக்கின் பகிடிக்கும் பாட்டுக்கும் ஓடிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் முதலாம் வருட மாணவன் நாவரசு கொல்லப்பட்டான். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன். மூத்த மாணவன் ஒருவனின் பகிடிவதையில் தொடங்கி, உடலைத் துண்டாக்கி வெவ்வேறு இடங்களில் போடும் வரைக்கும் போன கொலை அது. அடுத்த வருடமே தமிழ்நாட்டில் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. கீழ் நீதிமன்றம் தண்டித்தது. 2001இல் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011இல்தான் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. ஆகவே 'விசில்' வெளியான வருடத்தில் சட்டத்தின் கண்ணில் அந்தக் கொலைக்குக் குற்றவாளி எவருமில்லை. வாசற்படியில் அப்படியொரு பயங்கரம் கிடக்கும்போது படத்தின் எலும்புக்கூட்டை 'அர்பன் லெஜண்ட்' என்ற 1998ஆம் வருட அமெரிக்கப் படத்திலிருந்து எடுத்துவந்தார்கள். கடன் வாங்குவது குற்றமென்று நான் சொல்லமாட்டேன். தமிழ் சினிமா கடன் வாங்காத நாளில்லை. எதைக் கடன் வாங்கினார்கள் என்பதில்தான் என் குறை. முகமூடியும் கோடரியும் வந்தன. அந்த வகைப் படங்களின் தாய்க்கு இருந்த மனசு வரவில்லை.

அந்தத் தாய்தான் 'பிளாக் கிறிஸ்மஸ்'. இந்த வகையைத் தொடங்கிவைத்தது ஜோன் கார்பென்டரின் 'ஹலோவீன்' (1978) என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு நாலு வருடம் முன்னாலேயே, கொலையாளியின் கண்ணாகக் கெமராவை ஆக்கியது, பண்டிகை நாளைக் கொலைநாளாக்கியது, 'அழைப்பு வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது' என்ற திருப்பம் எல்லாம் இங்கே இருக்கின்றன. இயக்கியவர் பொப் கிளார்க். ஏழு லட்சம் டொலரை எட்டாத செலவில் டொரொன்டோவில் எடுத்தார். அமெரிக்காவில் பெயரை மாற்றி மாற்றி வெளியிட்டார்கள்; அன்றைக்குப் பெரிதாக எவரும் மதிக்கவில்லை. இன்று மேல்நாட்டு ரசிகர்கள் கொஞ்சம் கொண்டாடுகிறார்கள். தமிழில் இதைப் பற்றி எழுதியதாக என் கண்ணில் எதுவும் படவில்லை.

நடிகர்களைச் சொன்னால் நம் வாசகர்களுக்கு ஓர் அடையாளம் கிடைக்கும். ஜெஸ் என்ற மாணவியாக ஒலிவியா ஹஸ்ஸி. 1968இல் 'ரோமியோ ஜூலியட்' படத்தில் ஜூலியட்டாக வந்தவர். பார்ப் ஆக வரும் மார்கோ கிடர் பிற்பாடு 'சூப்பர்மேன்' படத்தின் கதாநாயகி. பொலிஸ் லெஃப்டினன்ட் ஃபுல்லராக ஜோன் சாக்ஸன். புரூஸ் லீயின் 'என்டர் த டிராகன்' பார்க்காத ஆம்பிளை பதுளையில் இருக்க முடியாது. அதில் வருகிறாரே, அதே ஆள்தான்.

படம் ஓர் இரவில் தொடங்குகிறது. வீட்டில் கிறிஸ்மஸ் விருந்து. யாரோ ஒருவனுடைய மூச்சுச் சத்தம் நமக்குக் கேட்கிறது. அவன் கண் வழியாக நாம் சுவரில் ஏறுகிறோம், பரண் ஜன்னலால் உள்ளே இறங்குகிறோம். கெமராக்காரர் கெமராவைத் தோளில் கட்டிக்கொண்டு நிஜமாகவே அந்தக் கொடிச் சட்டத்தில் ஏறினாராம். கீழே தொலைபேசி அடிக்கிறது. கொஞ்ச நாளாகவே வரும் அழைப்பு. குரல்கள் மாறுகின்றன, அழுகின்றன, சத்தம் போடுகின்றன, வாயில் சொல்லக் கூடாதவற்றைச் சொல்கின்றன. மாணவிகள் ரிசீவரைச் சுற்றி நின்று கேட்கிறார்கள். பார்ப் குடித்திருக்கிறாள், அவனைத் திருப்பிச் சீண்டுகிறாள். கிளேர் என்ற அமைதியான பிள்ளை 'அப்படிச் சீண்டாதே' என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் ஊருக்குப் போகப் பெட்டி கட்ட மாடிக்குப் போகிறாள். அவள்தான் முதலில் சாகிறாள்.

இந்த இடத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பின்னால் வந்த நூற்றுக்கணக்கான ஸ்லாஷர்களில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. குடிக்கிறவள், ஆணோடு திரிகிறவள் சாவாள், ஒழுக்கமானவள் பிழைப்பாள். பார்வையாளருக்கு அது ஒரு வசதி. 'அவளுக்கு அது வேணும்' என்று சொல்லிக்கொண்டே பார்க்கலாம். பொப் கிளார்க் அந்த வசதியைத் தரவில்லை. தகப்பனோடு வீட்டுக்குப் போக ஆயத்தமாயிருந்த பிள்ளையை முதல் கால்மணித்தியாலத்திலேயே எடுத்துவிடுகிறார். அவள் உடலைக் கொலையாளி பரணுக்குக் கொண்டுபோய், ஜன்னலோரம் ஆடும் நாற்காலியில், தலையில் பிளாஸ்டிக் உறையோடு உட்கார்த்தி வைக்கிறான். படம் முடியும் வரை அவள் அங்கேயே இருக்கிறாள். வாசலில் நிற்கிற எவராவது அண்ணாந்து பார்த்திருந்தால் கண்டிருக்கலாம். ஒருவரும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் தகப்பன் ஹரிசன் வருகிறார். வளாகத்தில் சொன்ன இடத்தில் நின்று நேரத்தைப் பார்க்கிறார். மகள் வரவில்லை. விடுதி வீட்டுக்குப் போகிறார். சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்து முகம் சுளிக்கிறார். இப்படியான இடத்துக்கா மகளை அனுப்பினோம் என்று வீட்டுப் பொறுப்பாளர் மிஸஸ் மெக்கிடம் குறைப்படுகிறார். அந்த அம்மா போத்தலை ஒளித்து வைத்துக் குடிக்கிறவர், நல்ல மனசுக்காரி. தகப்பனுக்குச் சமாதானம் சொல்லி வேறு பக்கம் திருப்புகிறார். பாருங்கள், பிள்ளையைக் காணவில்லை, பெரியவர்கள் இரண்டு பேரும் பேசுவது ஒழுக்கத்தைப் பற்றி.

பிறகு பொலிஸ் நிலையம். தகப்பனும் இரண்டு மாணவிகளும் போகிறார்கள். மேசையில் சார்ஜன்ட் நாஷ். காணாமல் போகிற கல்லூரிப் பெண்பிள்ளைகள் அநேகமாக யாராவது காதலனோடுதான் இருப்பார்கள், வந்துவிடுவார்கள் என்பது அவர் கருத்து. அதைத் தகப்பன் முகத்துக்கு நேரேதான் சொல்கிறார். அவர் கெட்டவர் இல்லை, கத்தவுமில்லை. அனுபவசாலியின் நிதானத்தோடு சிரித்த முகமாகச் சொல்கிறார். கடுப்பான பார்ப், வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைச் சொல்லும் சாக்கில் ஓர் ஆபாசச் சொல்லை இலக்கத்தின் முன்னெழுத்துப் போலக் கொடுக்கிறாள். சார்ஜன்ட் அதை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொள்கிறார். தியேட்டரில் சிரித்திருப்பார்கள். நானும் சிரித்தேன். அவர் அங்கே அக்கறையோடு எழுதிக்கொள்வது அதை ஒன்றைத்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

கிளேரின் நண்பன் கிறிஸ் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவன். விஷயம் அவன் காதுக்குப் போகிறது. அவன் நேரே வந்து நாஷின் மேசைக்கு முன்னால் நின்று சத்தம் போடுகிறான். அப்போதுதான் லெஃப்டினன்ட் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறார், தேடுதல் தொடங்குகிறது. இளம் பெண்கள் இரண்டு பேரின் சொல்லும் ஒரு வயதான தகப்பனின் கவலையும் செய்யாததை ஒரு வாட்டசாட்டமான பொடியனின் சத்தம் செய்துவிடுகிறது. படம் இதற்கு எந்த விளக்கமும் சொல்லவில்லை. பார்த்தால் விளங்கும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் பல்கலைக்கழகத்தில் மனனம் பண்ணியவர்கள் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களை மறந்திருக்க மாட்டார்கள். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவனாகிய அரசன் என்று நான்கு. படிக்கிற காலத்தில் அந்த நாலாவது எனக்குக் கொஞ்சம் ஒட்டாமல் இருந்தது. பேய்க்குப் பயம், புலிக்குப் பயம், கள்ளனுக்குப் பயம், சரி. காக்க வேண்டிய இறைவனுக்கு எதற்குப் பயம்? தவறு செய்தவன் தண்டனைக்கு அஞ்சுவது என்று உரைவழி நின்று எழுதிப் புள்ளி வாங்கினோம். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அந்த நாலையும் வேறொரு விதமாக வரிசைப்படுத்தத் தோன்றுகிறது. 'விசில்' அணங்கில் தொடங்குகிறது. சாதாரண ஸ்லாஷர் விலங்குக்கும் கள்வனுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. 'பிளாக் கிறிஸ்மஸ்' கள்வனைப் பரணில் வைத்துவிட்டு, நம்மைக் கூட்டிக்கொண்டு போய் நாலாவதின் மேசைக்கு முன்னால் நிறுத்துகிறது. அங்கே அரசன் தண்டிக்கவில்லை. அரசன் சிரிக்கிறான், பேனையை மூடுகிறான். அதுவும் அச்சத்தின் நிலைக்களன்தான். உரையாசிரியர்கள் பெண்ணாக இருந்து ஒரு முறைப்பாடு கொடுக்கப் போயிருந்தால் எழுதியிருப்பார்கள்.

இதை ஏன் பதுளையிலிருந்து எழுதுகிறேன் என்பதற்கு ஒரு ரோட்டைக் காட்டுகிறேன். ஏ-5 வீதி பேராதனையில் தொடங்குகிறது. நுவரெலியா ஏறி, பதுளைக்கு இறங்கி, பசறை, லுணுகலை, பிபிலை தாண்டிச் செங்கலடியில் முடிகிறது. ஒரு முனையில் பேராதனைப் பல்கலைக்கழகம். மறுமுனையில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகம். நடுவில் எங்கள் பசறை ரோட்டில் 2005இல் வந்த ஊவா வெல்லஸ்ஸ. எங்கள் பிள்ளைகள் இந்த ரோட்டில் மேலேயோ கீழேயோதான் போகிறார்கள். முஸ்லிம் பிள்ளைகளில் நிறையப் பேர் ஒலுவிலுக்கு. மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்திலிருந்து ஒரு பிள்ளை வெட்டுப்புள்ளி தாண்டினால் அது அந்த டிவிசனுக்கே பெருநாள். பிள்ளை போய் இருக்கப்போவது ஹொஸ்டல், அல்லது நாலைந்து பேராக ஒரு போர்டிங் அறை. படத்தில் வருகிற வீடு மாதிரியேதான். கிறிஸ்மஸ் மரம் மட்டும் இராது.

பகிடிவதையை எடுத்துக்கொள்வோம். இந்தப் படம் வந்து அடுத்த வருடம், 1975இல், பேராதனையின் ராமநாதன் விடுதியில் விவசாய பீட மாணவி ஒருத்தி மூத்தவர்களின் வதைக்குத் தப்ப இரண்டாம் மாடியிலிருந்து குதித்தாள். நடமாட்டம் போயிற்று. இருபத்தேழு வருடம் அப்படியே வாழ்ந்து 2002இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். 1997இல் அதே பேராதனையில் பொறியியல் மாணவன் செல்வநாயகம் வரப்பிரகாஷ் வதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். 1998இல் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது, 20ஆம் இலக்கம். சட்டம் நல்ல சட்டம். ஆனால் யாராவது வந்து சொல்ல வேண்டும், யாராவது அதை எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டும் நடந்தால்தான் சட்டத்துக்கு வேலை.

என்னிடம் படித்த தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி, கெம்பஸுக்குப் போய் இரண்டாம் வருடம். லீவில் வந்தவள் சொன்னாள்: "டீச்சர், ராவுல ஒரு கோல் வருது. பேசுறதில்ல. மூச்சு மட்டும்தான் கேக்குது. சில நாளைக்கு நான் போட்டிருக்கிற உடுப்பு என்னான்னு சொல்றான்." முறைப்பாடு செய்யப் போயிருக்கிறாள். அங்கே இருந்தவர் சிம்மை மாற்றும்படி புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறார். எழுதுவதானாலும் சிங்களத்தில்தான் எழுதுவாராம். அவளுக்குச் சிங்களம் பேச வரும், இந்த விஷயத்தைச் சொல்கிற அளவுக்கு வராது. தமிழிலேயே வராது, என்ன செய்ய. வீட்டில் சொல்லவில்லையா என்று கேட்டேன். "அப்பாகிட்ட சொன்னா, படிச்சது போதும் வீட்டுக்கு வான்னுருவாரு டீச்சர்."

அந்தக் கடைசி வாக்கியம் தோட்டத்துக்கு மட்டும் உரியதில்லை. "வாப்பாக்கிட்டச் சொன்னா" என்று தொடங்கி இதே மாதிரி முடியும் வாக்கியங்களை நம் பிள்ளைகளிடம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். இந்தச் சஞ்சிகையில் பெண் கல்வி பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. பிள்ளைகளை அனுப்பலாமா, மஹ்ரம் இல்லாமல் போகலாமா, எத்தனை மைல் என்றெல்லாம். அனுப்பின பிள்ளை பயப்பட்டால் அதைச் சொல்வதற்கு அவளுக்கு என்ன விலை வைத்திருக்கிறோம் என்பது பற்றி அவ்வளவாக எழுதவில்லை. சொன்னால் படிப்புப் போகும். சொல்லாவிட்டால் பயம் மட்டும்தான். கணக்குப் பார்க்கத் தெரிந்த பிள்ளை சொல்லமாட்டாள். படத்தில் மாணவிகள் அழைப்புகளைச் சிரித்துக் கழிக்கிறார்களே, அதைத் துடுக்கு என்று நினைத்துவிடக் கூடாது.

படத்துக்குத் திரும்புகிறேன். தொலைபேசிக் காட்சிகளின் வேலைப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. பொலிஸ் ஒட்டுக்கேட்கும் கருவியை இணைக்கிறது. எங்கிருந்து அழைப்பு என்று கண்டுபிடிக்க ஜெஸ் அவனை லைனில் வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்ச், கணினி கிடையாது. மண்டபம் நிறைய இரும்புச் சட்டங்களில் ஆயிரக்கணக்கான சுவிட்சுகள் டக்டக்கென்று அடித்துக்கொள்கின்றன. ஒரு தொழிலாளி அந்த வரிசைகளுக்கு நடுவில் ஓடி ஓடி, எந்த சுவிட்ச் எதோடு பிடித்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தேடுகிறான். ஒரு பக்கம் அவன் ஓட்டம், மறுபக்கம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கிற ஜெஸ்ஸின் முகம். இரத்தமே இல்லாத இந்தக் காட்சிதான் படத்தின் உச்சம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் இன்னும் கொஞ்ச நேரம் அவமானப்பட வேண்டும் என்பதுதான் அங்கே நிபந்தனை. முறைப்பாடு கொடுக்கப் போன எந்தப் பெண்ணும் இதைக் கேட்டால் தலையாட்டுவாள்.

கடைசியில் கண்டுபிடிக்கிறார்கள். அழைப்பு அதே வீட்டிலிருந்து வருகிறது. மிஸஸ் மெக்கின் அறையில் வேறு இலக்கத்தில் தனியாக ஒரு தொலைபேசி உண்டு. அவளைப் பயப்படுத்தாமல் வெளியே வரச் சொல்லும் பொறுப்பு யாரிடம் கொடுக்கப்படுகிறது தெரியுமா? அதே நாஷிடம். அவர் அதையும் குழப்பிவிடுகிறார். விஷயம் விளங்கிய ஜெஸ் வாசலால் ஓடவில்லை. மேலே இருக்கும் தோழிகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, அடுப்புக் கம்பியோடு படியேறுகிறாள். கதவிடுக்கில் ஒரு கண். அந்த ஒரு கண்தான் கொலையாளியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முழு அடையாளமும். 2006இல் இதை மறுபடி எடுத்தவர்கள் அவனுக்கு ஒரு நோயும் கொடுமைக்காரத் தாயும் குழந்தைப் பருவமும் எழுதிக் கொடுத்தார்கள். பயம் அன்றோடு போயிற்று. காரணம் தெரிந்தவனுக்கு எவரும் அப்படிப் பயப்படுவதில்லை.

ஒலி பற்றி ஒரு சொல். இசையமைத்த கார்ல் சிட்ரர் பியானோவின் தந்திகளில் முள்ளுக்கரண்டி, சீப்பு, கத்தி எல்லாம் கட்டிவைத்து வாசித்தார். காசில்லாதவனின் தந்திரம் அது. ஆனால் வீட்டுச் சாமான்களே அலறுவதுபோல் கேட்கிறது. தொலைபேசிக் குரலில் பெரும்பகுதி நிக் மன்கூசோ என்ற நடிகருடையது. நெஞ்சு அமுங்கிக் குரல் மாறுவதற்காகத் தலைகீழாக நின்று பேசினார். மாணவியொருத்தி மாடியில் கொல்லப்படும்போது வாசலில் சிறுபிள்ளைகள் பண்டிகைப் பாட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெஸ் கதவைத் திறந்து நின்று அதைக் கேட்கிறாள்; மேலே நடப்பது அவளுக்குக் கேட்கவில்லை. இந்த இரண்டையும் மாறி மாறிக் காட்டியதை உத்தி என்று தெரிந்துகொண்டே பார்த்தாலும் கை நடுங்குகிறது.

குறைகள் இருக்கின்றன. மிஸஸ் மெக்கின் போத்தல் பகிடி இரண்டு தரத்துக்கு மேல் சலிக்கிறது. ஜெஸ்ஸின் காதலன் பீட்டரைச் சந்தேகத்துக்குரியவனாகக் காட்ட இயக்குநர் படும் பாடு கொஞ்சம் அதிகம். பரீட்சையில் தவறிப் பியானோவை உடைப்பது நாடகத்தனம். ஜெஸ் கருவுற்றிருக்கிறாள், கருவைக் கலைக்க விரும்புகிறாள், அவன் கலியாணம் முடிப்போம் என்கிறான். அவள் முடிவும் அவர்கள் உறவும் நம் மார்க்கத்துக்கு ஒத்துவராதவை. அதை மறைத்து இந்தப் படத்தைச் சிபாரிசு செய்ய நான் தயாரில்லை. எனக்கு அங்கே கவனத்துக்குரியது வேறு. அவள் சொல்வதை அவனும் கேட்கவில்லை. அவள் பேச, அவன் தன் முடிவை அறிவிக்கிறான். பொலிஸ் மேசையில் நடந்ததே காதலிலும் நடக்கிறது. கடைசியில் நிலக்கீழ் அறையில், இருட்டில், அவன் ஜன்னலை உடைத்துக்கொண்டு அவளிடம் வரும்போது, அவன்தான் கொலைகாரன் என்று அவள் நம்பிவிடுகிறாள். நம்பாமல் இருக்க அவன் எந்தக் காரணமும் கொடுத்திருக்கவில்லை.

அவள் கையால் பீட்டர் சாகிறான். பொலிஸ் வருகிறது, அவனே கொலையாளி என்று முடிவு கட்டுகிறது. ஜெஸ்ஸுக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைக்கிறார்கள். ஹரிசன் அதிர்ச்சியில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் போய்விடுகிறார்கள். மகளைத் தேடி வந்த தகப்பன், மகள் இருக்கும் கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, மகளைக் காணாமல் வெளியே கொண்டுபோகப்படுகிறார். நாவரசுவைத் தேடி அவனுடைய தகப்பனார் சிதம்பரத்துக்குப் போனதை அந்த இடத்தில் நினைக்காமல் இருக்க எனக்கு முடியவில்லை. வீடு அமைதியாகிறது. கெமரா மெல்லப் பரணுக்கு ஏறுகிறது. நாற்காலியில் கிளேர். பக்கத்தில் அவன் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான். ஒருவரும் பரணைத் தேடவில்லை. வாசலில் ஒரு பொலிஸ்காரர் நிற்க, உள்ளே தொலைபேசி அடிக்கத் தொடங்குகிறது. பெயர்கள் ஓடி முடியும் வரை அடிக்கிறது. அமெரிக்க விநியோகக் கம்பனி இந்த முடிவை மாற்றச் சொன்னது, கிளார்க் மாற்றவில்லை.

பிள்ளைகளோடு இருந்து பார்க்கக் கூடிய படமல்ல. தொலைபேசிப் பேச்சு அவ்வளவு மோசம். பெற்றாரும் ஆசிரியரும் ஹொஸ்டல் பொறுப்பில் இருக்கிறவர்களும் பார்க்கலாம். முழுவதும் பார்க்க மனமில்லாதவர்கள் சார்ஜன்ட் நாஷ் மேசைக் காட்சியை மட்டுமாவது பாருங்கள். ஐந்து நிமிடம்கூட வராது.